பன்னீர் திராட்சை கம்பத்துல காய்க்குது, எங்க வீட்டு மாடியில ஏன் காய்க்கல?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டு மாடியிலிருந்து ஆரம்பிக்குது. ஊர் விருத்தாசலம். இந்த ஊரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு பழமலைநாதர் கோயில், இன்னொண்ணு செராமிக். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கொலு பொம்மைன்னு சின்னச் சின்ன யூனிட்கள் நிறைய உள்ள ஊர். எங்க அப்பாவும் அப்படி ஒரு யூனிட்லதான் வேலை பார்த்தாரு.

எங்க அம்மா ஏழு வருஷம் முன்னாடி ஒரு நர்சரியில பன்னீர் திராட்சைக் கன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. வீட்டுப் பக்கவாட்டுல நட்டு, கயிறு கட்டி மாடிக்கு ஏத்திவிட்டோம். கொடி சூப்பரா வளர்ந்துச்சு. மாடி முழுக்கப் பந்தல், நல்ல நிழல். ஆனா காய்? ஏழு வருஷத்துல மொத்தம் ரெண்டு கொத்து. அதுலயும் ஒண்ண அணில் தின்னுடுச்சு.

அதே கன்னு, அதே ரகம், கம்பம் பள்ளத்தாக்குல வருஷத்துக்கு ரெண்டு தடவை பந்தல் நிறையத் தொங்குது. நம்ம ஆஃபீஸ்ல ஒரு டயலாக் உண்டு இல்லையா, "என் மெஷின்ல ஓடுதே பாஸ்"னு. அதேதான். கோட் ஒண்ணுதான், என்விரான்மென்ட் வேற. அந்த என்விரான்மென்ட்ல என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் இந்த எபிசோட்.

முதல்ல, திராட்சைக்கு என்ன வேணும்?

உலக மேப்பை எடுத்துக்கோங்க. வைனுக்குப் பேர் போன இடங்கள்ல பெரும்பாலானவை பூமத்திய ரேகையிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் 30 டிகிரியில இருந்து 50 டிகிரிக்குள்ள வரும். பிரான்ஸ்ல போர்தோ கிட்டத்தட்ட 45 டிகிரி வடக்கு. ஜெர்மனியில மோசல் 50 டிகிரிக்குப் பக்கம். தெற்குல சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் இந்தப் பட்டைக்குள்ளதான்.

காரணம், இந்த இடங்கள்ல குளிர்காலம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. குளிர் வந்தா கொடி இலையை எல்லாம் உதிர்த்துட்டுத் தூங்கப் போயிடும். நம்ம லேப்டாப் ஸ்லீப் மோடு மாதிரி. வசந்தம் வந்ததும் எல்லா மொட்டும் ஏறக்குறைய ஒண்ணா முழிக்கும், ஒண்ணா பூக்கும், ஒண்ணா பழுக்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை.

நம்ம ஊர்ல அந்த ஸ்லீப் பட்டனே கிடையாது. கொடி பன்னெண்டு மாசமும் பச்சையாவே இருக்கும். அது நல்லதுதானேன்னு தோணும். ஆனா அங்கதான் சிக்கல். தூங்காத கொடி நுனியிலேயே வளர்ந்துக்கிட்டுப் போகும். நுனி மொட்டு ஓடிக்கிட்டே இருக்கிற வரைக்கும் கீழ இருக்கிற மொட்டுகளை எழும்ப விடாது. திராட்சை காய்க்கிறதோ, முத்தின பழைய கிளையில இருக்கிற மொட்டு வெடிச்சு வர்ற புதுத் தளிர்ல. அந்த மொட்டுகள் அப்படியே கிடந்தா காய் ஏது?

எங்க மாடியில நடந்தது இதுதான். அழகா இருக்கேன்னு நாங்க யாரும் கத்திரி வைக்கவே இல்ல. கொடியும் தன் பாட்டுக்கு இலையா போட்டுத் தள்ளுச்சு.

கவாத்துங்கிற செயற்கைக் குளிர்காலம்

இதைத் தெரிஞ்சுக்கத்தான் போன டிசம்பர் கடைசியில கம்பம் போனேன். ஒரு ராத்திரி பஸ் பயணம். கே.கே.பட்டி பக்கம் ஒரு தோட்டத்துல, திராட்சை விவசாயி ஒரு அண்ணன் பேசச் சம்மதிச்சாரு. நான் போன நேரம் கவாத்து நடந்துக்கிட்டிருந்துச்சு. கல்தூண், கம்பி, அது மேல பந்தல். பந்தல்ல ஒரு இலை கூட இல்ல. மொட்டையா நிக்குது.

"என்னண்ணே, இப்படி மொத்தமா வெட்டிட்டீங்க"ன்னு கேட்டேன்.

"வெட்டலைன்னா அது தோட்டம் இல்ல தம்பி, காடு"ன்னு சொன்னாரு.

பன்னீர் திராட்சையில ஒவ்வொரு முத்தின கிளையிலயும் நாலஞ்சு கணு விட்டு மீதியை வெட்டிடுவாங்க. இலை போயிடும், நுனி போயிடும். மிச்சம் இருக்கிற மொட்டுக்கு வேற வழியில்ல, வெடிச்சுத்தான் ஆகணும். எல்லாம் சேர்ந்தாப்ல எழும்பணும்னு மொட்டுல மருந்து தடவுறவங்களும் உண்டு. ஆக, ஐரோப்பாவுல குளிர் செய்யுற வேலையை இங்க கத்திரி செய்யுது.

வெட்டினதுலேருந்து சுமார் 120 நாள்ல பன்னீர் திராட்சை அறுவடைக்கு வந்துடும். டிசம்பர், ஜனவரியில கவாத்து பண்ணா ஏப்ரல், மே-ல பழம். மே, ஜூன்ல கவாத்து பண்ணா ஆகஸ்ட், செப்டம்பர்ல பழம். இதுதான் வழக்கமான கணக்கு. ஆனா எல்லாரும் ஒரே நாள்ல வெட்டுறதில்ல. ஒரு தோட்டத்துல கவாத்து, பக்கத்துத் தோட்டத்துல பூ, அதுக்கடுத்ததுல பழம். அதனாலதான் கம்பத்துல எந்த மாசம் போனாலும் எங்கயாவது பழம் தொங்குது.

மகாராஷ்டிராவுல கதை வேற. நாசிக்ல ஏப்ரல் வாக்குல ஒரு கவாத்து, அக்டோபர் வாக்குல ஒரு கவாத்து. முதல் கவாத்து கிளையைத் தயார் பண்ண மட்டும்தான். ரெண்டாவதுலதான் பழம். ஜனவரியிலேருந்து ஏப்ரல் வரை ஒரே சீசன். அங்க மழைக்காலத்துல பழத்தைக் காப்பாத்துறது கஷ்டம், அதனால மழை முடிஞ்ச பிறகு பழுக்கிற மாதிரி நேரத்தை அமைச்சிருக்காங்க.

அப்போ கம்பத்துக்கு மட்டும் ரெண்டு பயிர் எப்படிச் சாத்தியம்? இங்கதான் மலை, காத்து, தண்ணி மூணும் கதைக்குள்ள வருது.

பள்ளத்தாக்கு என்ன செய்யுது?

கம்பம் பூமத்திய ரேகைக்கு வடக்க பத்து டிகிரிக்கும் கொஞ்சம் கம்மி. கடல் மட்டத்துலேருந்து சுமார் 400 மீட்டர் உயரம். மேற்குல ஏலமலை, கிழக்குல மேகமலை. நடுவுல நீளமா ஒரு தொட்டி மாதிரி பள்ளத்தாக்கு.

முதல்ல மழை. தென்மேற்குப் பருவக்காத்து அரபிக்கடல்லேருந்து வந்து மலையோட கேரளப் பக்கத்துல மோதுது. குமுளி, தேக்கடியில கொட்டித் தீர்த்துடுது. மலை ஏறி இந்தப் பக்கம் இறங்கும்போது அந்தக் காத்துல ஈரம் குறைஞ்சு போயிருக்கும். குமுளியில குடை இல்லாம நிக்க முடியாத அன்னைக்குக் கம்பத்துல வெறும் சாரல்தான் இருக்கும். இத்தனைக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஒரு மலைப்பாதைதான்.

இது திராட்சைக்கு ஏன் முக்கியம்? திராட்சைக்குப் பெரிய வில்லன் வறட்சி இல்ல, ஈரம். இலை ரொம்ப நேரம் நனைஞ்சிருந்தா அடிச்சாம்பல் நோய் வரும். பழுக்குற நேரத்துல மழை பெஞ்சா பழம் தண்ணியை இழுத்து வெடிச்சிடும். வெடிச்ச பழத்துல பூஞ்சை ஏறும். ஒரு கொத்துல நாலு பழம் வெடிச்சாலே வியாபாரி அந்தக் கொத்தைத் தொட மாட்டாரு.

அடுத்தது காத்து. தேனி மாவட்டத்துல ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் போனவங்க காத்தாலைகளைப் பார்த்திருப்பீங்க. மலை இடைவெளி வழியா காத்து நெருக்கியடிச்சுக்கிட்டு வர்ற இடம் இது. அந்தக் காத்து இலையில இருக்கிற ஈரத்தைச் சீக்கிரம் காய வைக்குது. எங்க ஊர் செராமிக் யூனிட்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். மழைக்காலத்துல வார்த்த பொம்மை காயவே காயாது. சரியா காயாம சூளைக்குள்ள வெச்சா விரிஞ்சிடும். அங்கயும் காத்துதான் பாதி வேலையைச் செய்யுது.

மூணாவது வெப்பம். 1,000 மீட்டர் ஏறினா சுமார் 6.5 டிகிரி குறையும்ங்கிறது பொதுக் கணக்கு. 400 மீட்டருக்கு இரண்டரை டிகிரி. பெரிசா தெரியல இல்ல? ஆனா ராத்திரியில மலைச்சரிவுலேருந்து குளிர்ந்த காத்தும் பள்ளத்தாக்குக்கு இறங்கும். பழத்துக்கு ராத்திரி வெப்பம்தான் ரொம்ப முக்கியம். பகல்ல வெயில்ல இலை சர்க்கரை தயாரிக்குது. ராத்திரியில பழம் மூச்சு விடும்போது தன்கிட்ட இருக்கிற மாலிக் அமிலத்தைச் செலவழிக்குது. ராத்திரி எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமா புளிப்பு குறையும். கருஞ்சிவப்பு நிறம் ஏறுறதும் சூட்டுல தடைப்படும். இந்த நிற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி

இவ்வளவு நேரம் நான் சொன்னதை வெச்சுப் பார்த்தா ஒரு கேள்வி வரணும். மழை கம்மின்னா தண்ணிக்கு எங்க போறது?

பதில், முல்லைப் பெரியாறு. பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடல்ல கலக்குற ஆறு. பென்னிகுவிக் தலைமையில கட்டின அணை 1895-ல பயன்பாட்டுக்கு வந்துச்சு. அதிலிருந்து மலையைக் குடைஞ்சு, சுரங்கம் வழியா தண்ணியைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிட்டாங்க. அந்தத் தண்ணி லோயர் கேம்ப்ல இறங்கி, மின்சாரம் தயாரிச்சு, கம்பம் பள்ளத்தாக்கு வழியா வைகை அணைக்குப் போகுது. பள்ளத்தாக்குல மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணியை நம்பி இருக்கு. வாய்க்காலும் வயலும் நனையறதால கிணத்துலயும் தண்ணி ஊறும். திராட்சைத் தோட்டத்துக்குப் போறது பெரும்பாலும் அந்தக் கிணத்துத் தண்ணிதான்.

யோசிச்சுப் பாருங்க. மேகத்தை மலை தடுத்து நிறுத்துது. அதே மேகத்தோட தண்ணியை மலைக்குள்ள ஓட்டை போட்டு மனுஷன் இந்தப் பக்கம் கொண்டு வர்றான். மேல ஈரம் இல்ல, கீழ வேருக்குத் தண்ணி இருக்கு. திராட்சைக்கு இதைவிட என்ன வேணும்?

இந்த மாதிரி இடம் உலகத்துல இன்னொண்ணும் இருக்கு. பிரேசில்ல சான் பிரான்சிஸ்கோ ஆத்துப் பள்ளத்தாக்கு. அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கம், ஒன்பது டிகிரி தெற்கு. வறண்ட பூமி, பெரிய ஆறு, பாசனம். அங்கயும் கவாத்து வெச்சு வருஷத்துக்கு ரெண்டு அறுவடை எடுக்குறாங்க. ஆனா அங்க வைனே பண்றாங்க. 2022-ல அந்த வைனுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிட்டாங்க.

அப்போ கம்பம் ஏன் வைன் ஊர் ஆகல?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. தமிழ்நாட்டுல இந்த ரகம் விளையுற பரப்புல சுமார் 85 சதவீதம் கம்பம் பள்ளத்தாக்குலதான். ஆனைமலையன்பட்டியில தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு. இருந்தும் இந்தப் பழம் போறது தள்ளுவண்டிக்கும் ஜூஸ் கடைக்கும்தான்.

ரகத்துல குத்தம் இல்ல. பன்னீர் திராட்சையோட உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். சீனாவுல இதே ரகத்துல வைன் பண்றாங்க. அந்தப் பன்னீர் வாசனை லினலூல், ஜெரானியோல் மாதிரியான பொருட்கள்லேருந்து வருது. ரோஜாவுலயும் இதே குடும்பம்தான். நம்மாளுங்க பேர் கரெக்டா வெச்சிருக்காங்க.

விஷயம் சர்க்கரையிலயும் விளைச்சல்லயும் இருக்கு. சாறுல இருக்கிற சர்க்கரை அளவை பிரிக்ஸ்னு சொல்வாங்க. அதைத் தோராயமா 0.55 ஆல பெருக்கினா வைன்ல வரப்போற ஆல்கஹால் சதவீதம். 22 பிரிக்ஸ்னா 12 சதவீதம். 16 பிரிக்ஸ்னா 9-ஐ எட்டுறதே கஷ்டம். சாப்பிடுற பழத்துக்கு 16 தாராளம். வைனுக்குப் பத்தாது. சர்க்கரை ஏறணும்னா கொடியில காயைக் குறைக்கணும். பன்னீர் திராட்சையில ஹெக்டேருக்கு வருஷம் 30 டன் வரை எடுக்கலாம். நல்ல வைனுக்கு வளர்க்குற இடங்கள்ல அதுல மூணுல ஒரு பங்கு, சில இடத்துல அதைவிடக் கம்மி.

இதை அந்த அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சாரு. "கிலோவுக்குத்தான தம்பி காசு தர்றாங்க, இனிப்புக்கா தர்றாங்க? காயைக் கொறைக்கச் சொல்றவரு வெலையக் கூட்டித் தருவாரா?"

அந்த ஒரு கேள்வியில பாதி எபிசோட் முடிஞ்சிடுச்சு. வைன் ஊர்னு ஒண்ணு உருவாக மண், மலை, காத்து மட்டும் போதாது. தரத்துக்கு யாராவது காசு கொடுக்கணும். நாசிக் 600 மீட்டர் உயரம், 20 டிகிரி வடக்கு, டிசம்பர் ராத்திரி 10 டிகிரி வரைக்கும் இறங்கும். இதெல்லாம் இயற்கை கொடுத்தது. ஆனா அங்க வைன் தொழில் வேகம் எடுத்ததுக்கு 2001-ல மகாராஷ்டிர அரசு கொண்டு வந்த திராட்சை பதப்படுத்தும் கொள்கையும், அதுல கொடுத்த வரிச்சலுகையும் பெரிய காரணம். தமிழ்நாட்டுல 2003-லேருந்து மது சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில. மது வேணும், வேண்டாம்ங்கிறது தனி விவாதம், அதுக்குள்ள நான் போகல. விவசாயி பக்கத்துலேருந்து பார்த்தா ஒரு விஷயம்தான். பழம் பழுத்தா ரெண்டு மூணு நாள்ல வித்தாகணும். ஜூஸோ, ஜாமோ, வைனோ, சேமிச்சு விக்கிற வழி ஒண்ணு பக்கத்துல இருந்தா பேரம் பேச முடியும். இல்லாட்டி வியாபாரி சொல்றதுதான் விலை.

அதுக்கு முந்தின வருஷம் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூணு நாள் விடாம மழை பெஞ்சிருக்கு. பழம் வெடிச்சு, ஒரு பயிர் முழுக்கப் போச்சு. "பொம்பளைங்களக் கூட்டியாந்து வெடிச்ச பழத்த வெட்டிப் போடக் கூலி குடுத்தேன் தம்பி. பழத்துக்கு வந்த காசு அந்தக் கூலிக்கே பத்தல"ன்னாரு. நல்ல வேளையா ரெண்டு பயிர் இருக்கிறதால அடுத்ததுல கொஞ்சம் எழுந்து நின்னுட்டாரு. மலையும் காத்தும் சேர்ந்து போட்டுக் கொடுத்த டைம்டேபிள் அது. மழை அந்த டைம்டேபிளை மாத்தினா தாங்குறதுக்கு அவர்கிட்ட வேற எதுவும் இல்ல.

நம்ம ஊருக்குன்னு ஒரு பயிர்

திரும்பி வர்ற பஸ்ல யோசிச்சேன், அப்போ விருத்தாசலம் எதுக்குத்தான் லாயக்கு? அப்புறம்தான் உறைச்சது, பதிலை நான் சின்ன வயசுலேருந்து தின்னுக்கிட்டு இருக்கேன். முந்திரி.

முந்திரியும் பிரேசில்காரன்தான். போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்தது. தண்ணி தேங்காத செம்மண் வேணும், பூக்கிற நேரத்துல வானம் வறண்டிருக்கணும். எங்க பக்கம் வடகிழக்கு மழை டிசம்பரோட ஓயும், அதுக்கப்புறம் பூவெடுக்கும், கோடையில கொட்டை. கச்சிதமா பொருந்துது. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வந்த ரகங்களுக்கு விஆர்ஐ-ன்னே பேர். கீழ தோண்டினா இன்னொரு கதை. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற களிமண்தான் எங்க ஊர் செராமிக் தொழிலுக்கு அடித்தளம். மேல செம்மண்ணுல முந்திரி, கீழ வெள்ளைக் களிமண்ணுல பொம்மை. எங்க ஊரும் மண் சொன்னதைக் கேட்டு உருவான ஊர்தான்.

ஆனா மண் கொடுக்கிறதை வானம் எடுத்துக்கும். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பல வருஷம் வளர்ந்த முந்திரியும் பலாவும் ஒரே காலையில வேரோட சாஞ்சு கிடந்துச்சு. திராட்சைக்காரருக்கு ஒரு பயிர் போனா ஆறு மாசத்துல அடுத்தது. முந்திரி மரம் போனா மறுபடி வர வருஷக்கணக்காகும். ஒவ்வொரு ஊர் மண்ணும் ஒரு வரம் கொடுக்கும்போதே ஒரு ஆபத்தையும் சேர்த்துத்தான் கொடுக்குது.

சரி, அந்த மாடிக் கொடி?

ஜனவரி முதல் வாரம் கத்திரியோட மாடி ஏறினேன். அம்மா கீழேருந்து "ஏண்டா, நல்லா இருக்கிற கொடியைக் கொல்லப் போற"ன்னு ஒரே சத்தம். முத்தின கிளையில நாலஞ்சு கணு விட்டு மிச்சத்தை வெட்டினேன். நாலு நாள் அம்மா என்கிட்ட சரியா பேசல.

மூணு வாரத்துல மொட்டு வெடிச்சுச்சு. தளிரோட சேர்ந்து குட்டிக் குட்டியா பூங்கொத்து. எண்ணிப் பார்த்தேன், இருபத்தி மூணு. மே மாசம், கத்திரி வெயில்ல, ராத்திரி கூட மாடித் தரை சுடுற நேரத்துல பழுத்துச்சு. பாதிக் கொத்துல நிறமே ஏறல. ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, ஒரு பக்கம் வெளிறின பச்சை. நான் சொன்னேன் இல்ல, நிறத்தை ஞாபகம் வெச்சுக்கோங்கன்னு. இதுதான் அது. கத்திரியால கொடியைத் தூங்க வெச்சு எழுப்ப முடிஞ்சுது. விருத்தாசலம் ராத்திரியைக் குளிர வைக்க முடியல.

அம்மா ஒரு பழம் வாயில போட்டுட்டு, "இனிப்பு இருக்கு, அந்தப் புளிப்பு இல்லடா"ன்னாங்க. மாலிக் அமிலம்னு ஒரு வார்த்தை தெரியாமலே.

அடுத்த தடவை வண்டியில பன்னீர் திராட்சை பார்த்தா, கம்பத்துப் பழமான்னு கேளுங்க. ஆமான்னா, பேரம் பேசுறதுக்கு முன்னாடி அந்த அண்ணனோட மூணு நாள் மழையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.